அஸ்ஸே சுரங்கம்: கதிரியக்கக் கழிவும் காலந்தாழ்த்தி வந்த கண்காணிப்பும்

அணுசக்தியின் ஆபத்துப் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் செர்னோபில், புகுஷிமா ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வெடிப்போ தீயோ எதுவுமின்றி, ஒரு நாட்டின் அணுசக்திச் சட்டத்தையே திருத்தி எழுத வைத்த வேறொரு பெயரும் உண்டு. ஜேர்மனியின் நீடர்சக்சன் மாநிலத்தில், வொல்பன்பியூட்டல் மாவட்டத்தில் அமைந்துள்ள அஸ்ஸே உப்புச் சுரங்கமே அது. கதிரியக்கக் கழிவு முகாமைத்துவத்தில் பாறையின் உறுதியை விடச் சட்டத்தின் உறுதியே முதலில் ஆட்டம் காண்கின்றது என்பதற்கு இச்சுரங்கத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

கதிரியக்கக் கழிவுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அணு உலையிலிருந்து அகற்றப்படும் எரிபொருள் கடும் வெப்பமும் மிகுந்த கதிரியக்கமும் கொண்டது. அசுத்தமடைந்த உடைகள், வடிகட்டிகள், கருவிகள், கழிவு நீரின் எச்சங்கள் போன்றவை குறைந்த அல்லது நடுத்தரக் கதிரியக்கம் உடையவை. அஸ்ஸேயில் இடப்பட்டவை இவ்விரண்டாவது வகையினவே. உப்புப் படிவம் இதற்குத் தெரிவு செய்யப்பட்டதற்கு ஒரு நியாயமும் இருந்தது. கலையாத உப்புப் பாறை நீரை உட்புக விடுவதில்லை. நிலத்தின் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து தன்னிலுள்ள வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அஸ்ஸே கலையாத பாறை அன்று. 1964ஆம் ஆண்டு வரை பல தசாப்தங்களாகப் பொட்டாசும் உப்பும் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் குடைந்து வெறுமையாக்கப்பட்ட சுரங்கம் அது. அதன் அயலிலிருந்த முதலாவது அஸ்ஸே சுரங்கம் 1906ஆம் ஆண்டிலேயே நீர் புகுந்து மூழ்கிப் போயிருந்தது.

இவ்வாறான சுரங்கத்தை 1965இல் சமஷ்டி அரசு விலைக்கு வாங்கி, அரச கதிரியக்க ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் கையளித்தது. 1967 முதல் 1978 வரை சுமார் 126,000 கொள்கலன்கள் அங்கு கொண்டு செல்லப்பட்டன. ஆவணங்களில் இது ஓர் 'ஆய்வுச் சுரங்கம்' என்றே குறிக்கப்பட்டது. எனினும், ஆரம்பத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்ட பீப்பாய்கள் பின்னர் இயந்திரங்களினால் சரிவில் கொட்டப்பட்டு உப்பினால் மூடப்பட்ட போது, அங்கு நடைபெற்றது ஆய்வா அன்றிக் குப்பை கொட்டுதலா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். 

இங்குதான் சட்டத்தின் ஓட்டை தென்படுகின்றது. 1976இல் ஜேர்மனியின் அணுசக்திச் சட்டம் திருத்தப்பட்டு, கதிரியக்கக் கழிவை நிரந்தரமாக இடும் பொறுப்பு சமஷ்டி அரசுக்குரியது எனவும், பொதுமக்களின் ஆட்சேபனைகளைச் செவிமடுக்கும் முழுமையான அனுமதி நடைமுறை அதற்கு அவசியம் எனவும் விதிக்கப்பட்டது. 1978இன் இறுதியில் அஸ்ஸேயின் பழைய அனுமதிகள் காலாவதியாகவே, புதிய கழிவுகள் வருவது நின்றது. ஆனால் ஏற்கனவே உள்ளே கிடந்தவை அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டு வரப்படவில்லை. அவை தொடர்ந்தும் சுரங்கச் சட்டத்தின் கீழேயே நிர்வகிக்கப்பட்டன. நிலக்கரியும் உப்பும் அகழும் தொழிலுக்கென ஆக்கப்பட்ட சட்டம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு நச்சுத்தன்மை மாறாத புளூட்டோனியத்துக்குக் காவலாக விடப்பட்டது.

1988 முதல் சுரங்கத்தினுள் உப்பு நீர் கசியத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லீற்றர் அளவில் அது சேகரிக்கப்பட்டு வந்தது. சுரங்கத்தை மக்னீசியம் குளோரைட் கரைசலினால் நிரப்பி மூடிவிடுவதே அதனை நடத்திய நிறுவனத்தின் திட்டமாக இருந்தது. 2008இல், சீசியம் 137 கலந்த உப்பு நீர் உரிய கதிர்ப் பாதுகாப்பு அனுமதியின்றிக் கையாளப்பட்டமை பகிரங்கமாகியது. அதே ஆண்டிலேயே சமஷ்டி அமைச்சரவை சுரங்கத்தை அந்நிறுவனத்திடமிருந்து மீளப் பெறத் தீர்மானித்தது. 2009 ஜனவரி முதலாந் திகதி அது சமஷ்டி கதிர்ப் பாதுகாப்புப் பணியகத்தின் பொறுப்பில் வந்ததுடன், அணுசக்திச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் கொண்டு வரப்பட்டது.

அதன் பின்னர் நடந்ததே மிகுந்த கவனத்துக்குரியது. பொறுப்பு கைமாறிய சில மாதங்களிலேயே, புதிய நிர்வாகம் பழைய பதிவேடுகளைச் சரிபார்த்த போது, சுரங்கத்திலுள்ள புளூட்டோனியத்தின் அளவு சுமார் 28 கிலோ கிராம் என அறிவிக்கப்பட்டது. முன்னர் கூறப்பட்டு வந்த தொகையோ இதன் பாதியளவு கூட இல்லை. பீப்பாய்களில் எதுவும் மாறவில்லை. எண்ணுபவர் மட்டுமே மாறினார். ஓர் அரச நிறுவனம் தன்னைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு எத்தகைய கணக்கை எழுதும் என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் தேவையில்லை.

2010இல் மாற்று வழிகள் ஒப்பிடப்பட்டு, கழிவுகளை மீள வெளியே எடுப்பதே சிறந்தது என முடிவு காணப்பட்டது. 2013இல் பாராளுமன்றம் இதற்கெனத் தனியான சட்ட ஏற்பாட்டையும் நிறைவேற்றியது. எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. சுரங்கத்தைப் பொறுப்பேற்ற பணியகமே மேற்பார்வைக் கடமைகளையும் கொண்டிருந்தது. இதனால் மேற்பார்வைக்கென வேறொரு சமஷ்டி அலுவலகம் 2014இல் நிறுவப்பட்டது. 2017இல் சுரங்கத்தை நடத்தும் பணி, அரசுக்குச் சொந்தமான வேறொரு கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1997இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த கதிரியக்கக் கழிவு தொடர்பான சர்வதேச இணைந்த சமவாயமும் இத்தகைய பிரிவையே வற்புறுத்துகின்றது. அணு மின் நிலையம் இல்லாத, வைத்தியசாலைகளிலும் கைத்தொழிலிலும் மட்டுமே கதிரியக்க மூலங்கள் பயன்படும் இலங்கையிலும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் முன்னைய அணுசக்தி அதிகார சபையை நீக்கி, அணுசக்தியைப் பயன்படுத்தும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறாக்கியமை இதே கோட்பாட்டின் வழியிலாகும்.

பின்லாந்து இவ்விடயத்தில் வேறு வழியைப் பின்பற்றியது. அங்கு கழிவின் செலவு, அதனை உண்டாக்கும் மின் நிறுவனங்களிடமிருந்து முற்கூட்டியே அரச நிதியத்துக்கு அறவிடப்படுகின்றது. இடம் தெரிவு செய்யப்படும் உள்ளூராட்சிச் சபைக்கு அதனை நிராகரிக்கும் உரிமையும் உண்டு. எயுராயோக்கி நகர சபை இணங்கிய பின்னரே, 2001இல் பாராளுமன்றம் 159 வாக்குகளால் ஒல்கிலுவோட்டோ திட்டத்தை அங்கீகரித்தது, எதிர்த்தோர் மூவரே. சுயாதீனமான கதிர்ப் பாதுகாப்பு அதிகார சபையின் பரிசீலனைக்குப் பின்னர் 2015இல் நிர்மாண அனுமதி வழங்கப்பட்டது. அஸ்ஸேயின் கதை இதற்கு நேர்மாறானது. அங்குள்ள கதிரியக்கத்தின் பெரும் பகுதி அணு மின் நிலையங்களிலிருந்து தோன்றியதாயினும், சீர்செய்யும் செலவைச் சட்டப்படி சுமப்பது சமஷ்டி அரசே, அதாவது வரி செலுத்துவோரே.

2020இல் வெளியிடப்பட்ட திட்டம், மீட்புப் பணி 2033இல் ஆரம்பமாகும் எனக் குறித்தது. அதற்கு முன்னர் புதிய சுரங்க வழியொன்று தோண்டப்பட வேண்டும். உருக்குலைந்த பீப்பாய்களைத் தொலைவிலிருந்து இயக்கி எடுக்கும் இயந்திரங்களும் தேவை. எடுத்த பின்னர் அவற்றை எங்கே வைப்பது என்பதே இப்போதைய பிணக்கு. அண்மையிலுள்ள கொன்ராட் களஞ்சியத்துக்கு 2002இல் வழங்கப்பட்ட அனுமதியில் அஸ்ஸேயின் கழிவுகள் உள்ளடங்கவில்லை. எனவே சுரங்கத்தின் அருகிலேயே இடைக்காலக் களஞ்சியம் ஒன்றை அமைக்க 2020இல் தீர்மானிக்கப்பட்டது. வேறிடங்கள் எதுவும் ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை என அப்பகுதி மக்கள் அதற்கு ஆட்சேபனை தெரிவித்தனர்.