இரும்புப் பரப்பில் நைட்ரஜன்

காற்றின் கன அளவில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனாலும் நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இரண்டு நைட்ரஜன் அணுக்களைப் பிணைத்திருக்கும் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான மணமேல்குடி வட்டார வயல்களில், தூர் கட்டும் பருவத்தில் மேலுரமாக இடும் யூரியாவின் நைட்ரஜன், ஏதோ ஓர் ஆலையின் இரும்புப் பரப்பில் அவ்வாறு பிளவுபட்டு வந்ததே. தமிழ்நாட்டில் 1971இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், 1975இல் தொடங்கிய தூத்துக்குடி ஸ்பிக் ஆகிய இரண்டும் யூரியாவுக்கான அம்மோனியாவை இம்முறையிலேயே ஆக்குகின்றன.

வாயு மூலக்கூறு உலோகத்தின் மேல் இருவகையாகத் தங்கும். வலுவற்ற ஈர்ப்பால் ஒட்டி, சூடேறியதும் அகல்வது இயற்பரப்புக்கவர்ச்சி. உலோகத்தோடு எலக்ட்ரானைப் பகிர்ந்து உண்மையான பிணைப்பை உண்டாக்கிக்கொள்வது வேதிப்பரப்புக்கவர்ச்சி. வினைவேகமாற்றத்துக்கு அடிப்படை இந்த இரண்டாவதே. இது ஓர் அடுக்கோடு நின்றுவிடும்; பரப்பிலுள்ள இடங்கள் நிறைந்தபின் அடுத்த மூலக்கூறுக்கு இடமில்லை. இக்கருத்தைக் கணித வடிவில் தந்த இர்விங் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

அம்மோனியா ஆக நைட்ரஜனோடு சேரவேண்டிய ஹைட்ரஜன், இரும்பைத் தொட்டதும் எளிதில் இரண்டு அணுக்களாகப் பிரிந்துவிடுகிறது. நைட்ரஜன் அப்படியல்ல. பத்து லட்சம் முறை மோதினாலும் ஒருமுறை பிளந்தாலே அதிகம். ஆகவே வினை முழுவதன் வேகத்தையும் இந்த ஒரு படியே தீர்மானிக்கிறது. ஜெர்மானிய வேதியியலார் கெர்ஹார்ட் எர்ட்ல், உயர்வெற்றிடத்தில் தூய ஒற்றைப் படிக இரும்பை வைத்து இதை ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். 2007இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெருங்கி அடுக்கிய, வழவழப்பான படிக முகத்தில் வினை மந்தம்; அணுக்கள் தளர்வாக அமைந்து, அடி அடுக்கும் வெளித்தெரியும் முகத்தில் பன்மடங்கு விரைவு. நைட்ரஜன் மூலக்கூறு பரப்பில் படுத்த நிலையை அடையும்போது இரும்பின் எலக்ட்ரான்கள் அதன் பிணைப்பெதிர் ஆர்பிட்டால்களில் புகுந்து முப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. பிளந்த அணுவோடு ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர, அம்மோனியா உருவாகிப் பரப்பைவிட்டு நீங்குகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த விளக்கம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே செய்முறை கைக்கு வந்துவிட்டது. 1909இல் ஜெர்மானிய வேதியியலார் ஃப்ரிட்ஸ் ஹாபர் ஆஸ்மியத்தைக் கொண்டு வினையை நடத்திக் காட்டினார்; அது கிடைத்தற்கரிய உலோகம். மாற்று தேடிய வேதியியலார் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் சுவீடனின் மேக்னடைட் தாதுவில் வழி கண்டார். அதில் கலந்திருந்த அயற்பொருள்களே தூய இரும்புக்கு இல்லாத திறனைத் தந்தன. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. இன்றும் இரும்போடு சேர்ந்து அதன் திறனைக் கூட்டும் உயர்த்திகள் ஏறத்தாழ அவையே: அலுமினா, இரும்புத் துகள்கள் வெப்பத்தில் ஒன்றோடொன்று இணைந்து பருத்துப் பரப்பு குறையாமல் காக்கிறது; பொட்டாசியம், பரப்புக்கு எலக்ட்ரான் தந்து நைட்ரஜன் பிளவை எளிதாக்குகிறது.

எல்லா உலோகங்களும் இதற்கு உதவிவிடுவதில்லை. நைட்ரஜனை மிக இறுகப் பிடிக்கும் உலோகத்தில் இடங்கள் அடைபட்டுப்போகும். மிகத் தளர்வாகப் பிடிப்பதில் பிணைப்பு உடையாது. இரும்பும் ருத்தேனியமும் நடுவில் நிற்கின்றன. விலையோ இரும்புக்கே சாதகம்.

அம்மோனியா உண்டாவது வெப்பம் உமிழும் வினை. விளைச்சலை மட்டும் கருதினால் குறைந்த வெப்பநிலையே நல்லது. ஆனால் இரும்பு வேகம்பெற 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டவே நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம். அப்போதும் ஒரு சுற்றில் ஒரு பகுதி மட்டுமே மாறுவதால், மீதி வாயு மீண்டும் சுழற்சிக்குத் திருப்பப்படுகிறது.

இதே பரப்புக்கவர்ச்சிதான் ஆலைக்குத் தொல்லையும் தருகிறது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும் இரும்பில் ஆக்சிஜனை விட்டுச்சென்று இடங்களை மறைக்கின்றன; தூய வாயு தொடர்ந்து ஓடினால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் நீங்கிவிடும். கந்தகம் ஒட்டினால் மீட்சி அரிது. அதனால்தான் ஹைட்ரஜனுக்கான மூலப்பொருள் நாஃப்தாவோ இயற்கை எரிவாயுவோ எதுவானாலும் முதலில் கந்தகம் நீக்கப்படுகிறது. எஞ்சும் கார்பன் மோனாக்சைடு, இரும்பை அடையுமுன் நிக்கல் பரப்பில் மீத்தேனாக மாற்றப்படுகிறது.