சிக்கனம் சமைத்த நகரம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பது நம் முன்னோர் மொழி. கையிலுள்ள பணமே வீட்டின் உருவை முடிவு செய்கிறது என்பதைக் கட்டிப் பார்த்தவர் அறிவர். ஒரு வீட்டுக்குரிய இவ்வுண்மை ஒரு மாநகருக்கும் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதற்குச் சண்டிகர் நகரமே சான்றாகும்.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. தலைநகரை இழந்த கிழக்குப் பஞ்சாப், இலட்சக்கணக்கான அகதிகளைத் தாங்கிக்கொண்டே புதிய தலைநகரையும் அமைக்க வேண்டியதாயிற்று. முதல் திட்டத்தை வகுத்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் லெ கார்பூசியேயும், அவருடைய உறவினர் பியேர் ழான்னரேயும், ஆங்கிலேயத் தம்பதியரான மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் பொறுப்பேற்றனர்.

அந்நாளில் எஃகு அரிது. மனித உழைப்போ மலிவு. ஆதலின் மேலை நாட்டு எஃகுச் சட்டக் கட்டடங்கள் இங்கே எழ வழியில்லை. உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் கான்கிரீட்டால் உருவாயின. ஆணும் பெண்ணும் சரிவுப் பாதைகளில் தலைச்சுமையாய்க் கொண்டு சென்ற கலவை அது. குளிர்சாதனத்துக்குச் செலவிட இயலாமையால், வெயிலைத் தடுக்கும் ஆழ்ந்த கான்கிரீட் தடுப்புகளே முகப்பாயின.

சிக்கனத்தின் கை இன்னும் தெளிவாய்த் தெரிவது ஊழியர் குடியிருப்புகளிலேதான். முதலமைச்சர் முதல் பியூன் வரை பதவிக்கேற்ப முதலில் 13 வகை வீடுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் செலவு வரம்பும் உண்டு. கண்ணாடி விலை மிகுந்ததால் சன்னல்கள் சிறுத்தன. மலிவாய்க் கிடைத்த செங்கல்லே சுவராயிற்று. அதையே இடைவெளி விட்டு அடுக்கிய பின்னற் சுவர், நிழலும் காற்றும் தந்தது. வீடுகளை ஒட்டிக் கட்டியமையால் ஒரு சுவர் இரு குடும்பங்களுக்கு உதவிற்று. ஆயினும் கடைநிலை ஊழியரின் வீட்டிலும் இரண்டு அறை, சமையலிடம், குளியலறை, கழிப்பறை, முற்றம் ஆகியவற்றை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குறைத்தது அலங்காரத்தையே; வாழ்வின் தேவையை அன்று.

எனினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. வீடுகளின் பட்டியல் அரசு ஊழியரோடு நின்றுவிட்டது. அந்நகரைத் தலையில் சுமந்து கட்டிய கூலியாளர் பலர், நகரின் ஓரத்திலே குடிசைகளில் தங்கினர். செலவுத் திட்டத்தில் இடம் பெறாதவருக்கு வரைபடத்திலும் இடமில்லாது போயிற்று.

ழான்னரே 1965 வரை அங்கேயே தங்கி உழைத்தார். 1967-இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அவரது அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. தலைமைக் கட்டடத் தொகுதி 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

பிழைப்பை நாடி வந்த ஊரில், பிறர் வகுத்த குடியிருப்புகளில் வாழ்வோர் நம்மில் பலர். நம் வீட்டுச் சன்னலின் அளவும் முற்றத்தின் அகலமும் யாரோ ஒருவர் என்றோ போட்ட கணக்கின் விளைவே. இனி ஒரு கட்டடத்தைக் காணும்போது அதன் அழகை வியப்பதோடு, அதன் கணக்கில் எது குறைக்கப்பட்டது, யார் விடப்பட்டார் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.