வினாவும் வினாவுவான் நிலையும்

தோட்டப் பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியைத் துணைப் பாடமாக எடுத்துக்கொண்ட பழைய மாணவி ஒருத்தி, விடுமுறையில் பாலிக் புலாவுக்கு வந்திருந்தபோது என்னைக் காண வந்தாள். அவள் கேட்டவை இரண்டு. "ஐயா, ஸ்பானிய மொழியில் வினா வாக்கியத்தின் தொடக்கத்திலும் ஒரு வினாக்குறியைத் தலைகீழாக இடுகிறார்கள். நாம் ஏன் இடுவதில்லை?" என்பது ஒன்று. "'என்ன' என்று கேட்பதற்கு அவர்களிடம் 'கே' என்றும் 'குவால்' என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. எங்கே எது வரும் என்பது பிடிபடவில்லை" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு உடனே விடை கூறினேன். இரண்டாவதற்குத் தொல்காப்பியத்தை எடுத்து விரிக்க வேண்டியதாயிற்று. அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

குறியும் எழுத்தும்

ஸ்பானிய மொழியில் 'மரியா காந்தா' என்றால் 'மரியா பாடுகிறாள்' என்பது பொருள். அவ்விரு சொற்களையே ஓசையை உயர்த்திக் கூறினால், 'மரியா பாடுகிறாளா?' என்று வினாவாகிவிடும். சொல்லில் மாற்றம் இல்லை, ஓசையில்தான் மாற்றம். நீண்ட வாக்கியத்தைப் படித்துச் செல்பவர், இறுதிக் குறியைக் கண்ட பின்னரே அது வினா என உணர்வர்; அதற்குள் ஓசை பிழைத்துவிடும். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே, 1713ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரசுக் கல்விக் கழகம், 1754ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் தலைகீழ் வினாக்குறியை விதித்தது. முதலில் நீண்ட வாக்கியங்களுக்கென விதிக்கப்பட்ட அது, நாளடைவில் எல்லா வினாக்களுக்கும் உரியதாயிற்று.

தமிழுக்கு இவ்விடர் இல்லை. வினாப்பொருளைத் தரும் எழுத்துகள் ஆ, ஏ, ஓ என மூன்று என்பது தொல்காப்பியர் கூற்று. சொல்லின் முதலில் வரும் எ, யா என்பனவற்றையும் சேர்த்து ஐந்து என்பது நன்னூலார் கூற்று. வினா நமக்குச் சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. அன்றியும், எதைப் பற்றிய வினா என்பதும் அதனால் தெளிவாகிறது. 'முருகன் நேற்று ஜார்ஜ்டவுன் சென்றானா?' என்னும்போது செலவைப் பற்றியும், 'முருகன் நேற்றா சென்றான்?' என்னும்போது நாளைப் பற்றியும், 'முருகனா சென்றான்?' என்னும்போது ஆளைப் பற்றியும் வினவுகிறோம். ஆகாரம் எச்சொல்லைப் பற்றுகிறதோ, அச்சொல்லே வினாவின் இலக்கு. நம் அண்டை மொழியாகிய மலாயிலும் 'கா' என்னும் ஒட்டு இவ்வாறே சொல்லின் இறுதியில் நின்று வினாப்பொருள் தருவதை நம் பிள்ளைகள் அறிவர்.

ஆதலின், ஓலைச்சுவடிகளில் வினாக்குறி இல்லாதது குறைபாடு ஆகாது. அக்குறி அச்சுத்தொழிலோடு மேலை நாட்டினர் வழியாக வந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை முறைப்படி ஆண்டு பரப்பியவர்களுள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) முதன்மையானவர். 'இலக்கண வினாவிடை' என ஒரு நூலை வினா விடை வடிவிலேயே எழுதி, மாணவர்க்கு இலக்கணத்தை எளிதாக்கியவரும் அவரே.

யாதும் எவனும்

இனி, இரண்டாம் வினாவை நோக்குவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் யாது, எவன் என்னும் இரண்டு வினாச்சொற்களைப் பற்றிய விதிகள் உள்ளன. இன்று 'எவன்' என்றால் ஓர் ஆடவனை மதிப்பின்றிக் கேட்பதாகும். பண்டை வழக்கிலோ அஃது அஃறிணைப் பொருளைக் குறித்த வினா. 'என்ன' என்பதற்கு ஒப்பானது. இவ்விரு சொற்களும் அறியாப் பொருளிடத்து வரும் என்று முதலில் விதித்த ஆசிரியர், அடுத்த நூற்பாவில் நுண்ணிய வேறுபாடொன்றைக் காட்டுகிறார்: அவ்விரண்டனுள் 'யாது' என்பது, அறிந்த பொருளிடத்து எழுந்த ஐயத்தைத் தீர்த்துக் கொள்வதற்கும் உரியது என்கிறார்.

இதற்கு உரைகாரர் காட்டும் விளக்கம் உழவர் வாழ்விலிருந்து எடுத்தது. ஒருவனிடம் எருதுகள் ஐந்து இருந்தன. ஒன்று காணாமற் போயிற்று. ஐந்தையும் அவன் அறிவான்; போனது அவற்றுள் எது என்பதை மட்டும் அறியான். அவன் வினவும்போது 'யாது' என்பது வரும். பொருளே இன்னதென்று தெரியாதவன் வினாவும், தெரிந்த சிலவற்றுள் ஒன்றைத் தேர்வான் வினாவும் வேறு வேறு என்பது இதனாற் பெறப்படும்.

நம் மாணவி இடர்ப்பட்ட இடமும் இதுவே. ஸ்பானிய மொழியில் 'கே எஸ் எஸ்தோ' என்றால் 'இஃது என்ன?' என்பது பொருள். பொருளை அறியாதவன் வினா. 'குவால் எஸ் து லீப்ரோ' என்றால் 'உன் புத்தகம் எது?' என்பது பொருள். கண்ணெதிரே உள்ள புத்தகங்களுள் ஒன்றைத் தேர்வான் வினா. ஒரு நாட்டின் தலைநகரத்தைக் கேட்கும்போதும் 'குவால்' என்பதே வரும். ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர் இங்கே இடறுவர். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் 'வாட்' என்னும் சொல் வருதலின். தமிழறிந்தார் 'தலைநகரம் எது?' என்று தம் மொழியில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். யாது இருந்த இடத்தில் இன்று 'எது' நிற்கிறது. எவன் இருந்த இடத்தில் 'என்ன' நிற்கிறது. சொல் மாறியும் வேறுபாடு மாறவில்லை. எல்லா இடத்தும் இவ்வொப்புமை செல்லாது என்பதையும் கூற வேண்டும். நாம் 'உன் பெயர் என்ன?' என்போம்; அவர்களோ பெயரையும் 'குவால்' என்றே கேட்பர்.

உரையாசிரியரும் நன்னூலாரும்

கிளவியாக்கத்தில் வினாவையும் அதற்கு விடையாகிய செப்பையும் பிழையாது போற்ற வேண்டும் என்று விதித்த தொல்காப்பியர், வினாவின் வகைகளைத் தொகுத்து எண்ணிக் காட்டவில்லை. அப்பணியை உரையாசிரியர்கள் மேற்கொண்டனர். சேனாவரையர் வினாவை அறியாப்பொருள் வினா, ஐயவினா, அறிபொருள் வினா என மூன்றாகப் பகுத்தார். முன்னரே அறிந்ததை ஒருவன் ஏன் வினவ வேண்டும் எனின், அதற்கும் பயன் உண்டு என்பது அவர் கருத்து. அறிந்ததனை மேலும் வேறு வகையால் அறிதலும், பிறர்க்கு அறிவுறுத்தலும் அப்பயன்களாம்.

மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கனின் வேண்டுகோளால் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், பொதுவியலில் வினாவை ஆறு என்றார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. முதல் மூன்றும் வினவுவான் அறிவின் நிலை பற்றியவை. பின் மூன்றும் வினாவால் அவன் செய்யும் செயல் பற்றியவை. பாலிக் புலாவ் சந்தையில் 'ஜாதிக்காய் இருக்கிறதா?' என்பது கொளல்வினா. 'உன்னிடம் எழுதுகோல் இல்லையா?' என்று கேட்டு ஒன்றை நீட்டுவது கொடைவினா. 'வீட்டுப்பாடம் எழுதினாயா?' என்று எழுதாதவனைக் கேட்பது ஏவல்வினா. டுரியான் பருவத்தில், இரவில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு, 'பழமா, தென்னை மட்டையா?' என்பது ஐயவினா.

இப்பகுப்பின் சிறப்பு ஒன்றுண்டு. சொல் வடிவத்தைக் கொண்டு இவ்வகைகளை அறிய இயலாது. 'மணி என்ன?' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பேருந்துக்குக் காத்திருப்பவன் கேட்டால் அறியாவினா. கரும்பலகையில் கடிகாரம் வரைந்து ஆசிரியர் கேட்டால் அறிவினா. காலந்தாழ்த்து வந்த மாணவனை வாயிலில் நிறுத்திக் கேட்டால், 'இனி நேரத்தோடு வா' என்னும் ஏவல். தொடர் ஒன்றே, வினவுவான் நிலையும் நோக்கமுமே வகையை உண்டாக்குகின்றன. ஸ்பானிய இலக்கண நூல்கள் வினாவை 'ஆம், இல்லை' என்று விடை கொள்ளும் முழுவினா என்றும், யார், எங்கே, எப்போது முதலிய சொற்களால் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் பகுதி வினா என்றும் வகுக்கின்றன. இது வடிவம் பற்றிய பகுப்பு. கற்பார்க்கு மிகவும் பயன்படுவது. நன்னூலார் பகுப்போ கருத்துப் பற்றியது. ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை, இரண்டும் வேண்டும்.

மேலை நாட்டு அறிஞரும் பின்னர் இவ்வழியில் எண்ணிப் பார்த்தனர். அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் சேர்ல், 1969இல் வெளிவந்த 'பேச்சுச் செயல்கள்' பற்றிய நூலில், உண்மை வினா என்றும் தேர்வு வினா என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். முன்னதில் வினவுவான் விடையை அறிய விழைகிறான். பின்னதில் எதிரில் உள்ளவன் அறிவானா என்பதை அறிய விழைகிறான். நம் பிள்ளைகள் மனனம் செய்யும் அறியாவினாவும் அறிவினாவும் இவையே அல்லவா?

வகுப்பறையில் வினா

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நான் நடத்திய பாடமொன்றைப் பார்வையிட்ட விரிவுரையாளர், நான் கேட்ட வினாக்களையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டார். பாடம் முடிந்ததும் அதை என்னிடம் தந்து, "இவற்றுள் உங்களுக்கு விடை தெரியாத வினா எது?" என்றார். ஒன்றும் இல்லை. "பிள்ளைகள் கேட்ட வினா எது?" என்றார். அதுவும் இல்லை. அன்று நான் நடத்திய பாடம் அறுவகை வினா! ஆறனுள் ஒன்றை மட்டுமே ஆண்டு, ஆறையும் கற்பித்ததாக எண்ணியிருந்தேன்.

அறிவினா இழிந்ததன்று; அஃது இல்லாமல் கற்பித்தல் நடவாது. ஆனால் அது மட்டுமே ஒலிக்கும் வகுப்பில், வினா என்பது ஆசிரியர்க்கே உரிய கருவி என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. தேர்வுக்கெனக் கேட்டுப் பழகிய நம் நா இன்னும் மாறவில்லை.

விடையைப் பற்றியும் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது உண்டு. நன்னூலார் விடையை எட்டாக வகுத்து, நேரிய விடை மூன்றோடு, குறிப்பால் பொருள் தரும் ஐந்தையும் விடை என்றே ஏற்றார். 'கடைக்குப் போவாயா?' என்றால், 'கால் வலிக்கிறது' என்பதும் விடையே, 'போகாமல் இருப்பேனா?' என்று எதிர் வினாவுவதும் விடையே. பொருளோடு பொருந்தி வருமாயின், வழுவிய செப்பையும் விலக்க வேண்டா என்பது தொல்காப்பியர் கருத்து. அச்சிட்ட விடைத்தாளில் உள்ளவாறே கூறாத பிள்ளையை 'தவறு' என்று அமர்த்தும்முன் இதனை எண்ண வேண்டும்.

ஆறுவகை வினாவைச் சொன்ன அதே நன்னூலின் பாயிரம், மாணவன் கடமைகளைக் கூறுமிடத்து, வினாவுதலையும் வினாவியவற்றிற்கு விடுத்தலையும் சேர்த்துக் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிடைப்பது காற்கூறு புலமையே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய இருகால் என்று கணக்கும் தருகிறது. மாணவன் வாய் திறவாத வகுப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது.

இந்நாளில் என் வகுப்புகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பாடத்தின் இறுதியில், தான் உண்மையாகவே அறியாத ஒன்றைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வினா எழுதித் தர வேண்டும். அவற்றுள் பலவற்றுக்கு எனக்கும் விடை தெரிவதில்லை. அவர்களோடு சேர்ந்து தேடுகிறேன். 'கே' என்பதையும் 'குவால்' என்பதையும் கொண்டு வந்த மாணவி, அத்தகைய வினா ஒன்றையே என் வீட்டு வாயிலுக்குக் கொண்டு வந்தாள். அவள் கேட்டிராவிடின், எத்தனையோ முறை படித்த அவ்விரு நூற்பாக்களை நான் இன்னும் பொருள் உணராமலே கடந்து சென்றிருப்பேன்.