ஆறு வருஷத்துத் தாமதம்

பாடகர் கிராம் பார்சன்ஸ் 1973-இல் தமது 26-ஆவது வயதில் மாண்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கிராமத்தாரின் கன்ட்ரி சங்கீதத்தையும் நகரத்து வாலிபர்களின் ராக் சங்கீதத்தையும் ஒரே மேடையில் அமர்த்திவிட வேண்டும் என்று அவர் கொண்டிருந்த ஆசை அவரோடு மடிந்துபோகாமல், நாஷ்வில் நகரத்துக் கம்பெனிகள் வேண்டாமென்று தள்ளிய பாடகர்களிடம் அடைக்கலம் புகுந்து, பிற்பாடு ‘ஆல்ட் கன்ட்ரி’ என்ற நாமகரணத்தையும் பெற்றது. அப்படித் தள்ளப்பட்டவர்களுள் தாமே சாகித்யம் இயற்றித் தாமே மெட்டமைத்துப் பாடிய லூசிண்டா வில்லியம்ஸைப் போல நெடுங்காலம் காத்திருந்தவர் வேறொருவர் உண்டா என்பது சந்தேகமே. அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவருடைய தாமதத்தை ஒரு தோஷமாகக் குறிப்பிட்டு, அதையும் மீறி அவர் பெரிய வாக்கேயக்காரர் ஆனார் என்று முடிப்பது வழக்கம். அந்தத் தாமதம்தான் அவருடைய வித்தை என்பது என் அபிப்பிராயம்.

1953-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி லூசியானா மாநிலத்து லேக் சார்ல்ஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அதே மாதம் முதல் தேதியன்றுதான் கன்ட்ரி சங்கீதத்தின் சக்கரவர்த்தி ஹாங்க் வில்லியம்ஸ் பிரயாணத்தின் நடுவே காரின் பின் ஆசனத்தில் உயிர் நீத்திருந்தார். பெயர் ஒற்றுமையைக் கண்டு உறவு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் தந்தையான மில்லர் வில்லியம்ஸ், ஹாங்க்கை லேக் சார்ல்ஸில் நேரில் சந்தித்து, அவரோடு அமர்ந்து பீர் அருந்திப் பேசியவர்.

மில்லரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மகளைப் பற்றிப் பேச முடியாது. உயிரியல் உபாத்தியாயராக இருந்துகொண்டே கவிதை எழுதிவந்த அவர், நாவலாசிரியை ஃபிளானரி ஓ’கானரின் சிபாரிசால் ஆங்கில இலக்கியம் போதிக்கும் உத்தியோகத்தைப் பெற்று, ஊர் ஊராகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு மாற்றலாகி, கடைசியில் ஆர்கன்ஸா சர்வகலாசாலையில் நிலைபெற்று, 1997-இல் ஜனாதிபதி கிளின்டன் இரண்டாம் முறை பதவியேற்ற வைபவத்தில் தம் கவிதையை வாசிக்கும் கௌரவத்தை அடைந்தார். மேக்கன், பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ், சிலி தேசத்து சான்டியாகோ, மெக்ஸிகோ நகரம் என்று லூசிண்டாவின் பால்யம் பெட்டி படுக்கைகளோடு கழிந்தது. தந்தை ஓ’கானரைக் காணச் சென்றபோது, மில்லெட்ஜ்வில் பண்ணை வீட்டில் அந்த அம்மையார் வளர்த்த மயில்களைச் சிறுமி துரத்தி விளையாடினாளாம். தாயார் பியானோ பயின்றவர். மனநோயால் மிகவும் அவதிப்பட்டவர். 1965-இல் தந்தையின் மாணாக்கர் ஒருவர் பாப் டிலனின் புது இசைத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தன் பாதை தெரிந்துவிட்டது: தந்தையின் வகுப்பறை உலகமும் கிட்டார் உலகமும் ஒரே குரலில் சேரக்கூடும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஃபோக்வேஸ் என்ற சிறிய ஸ்தாபனத்துக்காக 1979-இல் பழைய ப்ளூஸ், கன்ட்ரி பாட்டுகளைப் பாடி ஒரு தட்டும், மறு வருஷம் சொந்தப் பாட்டுகளைக் கொண்ட மற்றொரு தட்டும் வெளியிட்டார். அவற்றைக் கேட்டவர்கள் சொற்பம். அதன் பிறகு எட்டு வருஷம் ஒன்றும் வெளிவரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கம்பெனியார் மாதிரிப் பதிவு எடுத்துக் கேட்டுவிட்டு, இதில் கன்ட்ரி வாடை அதிகம், ராக் ரசிகருக்கு ஒவ்வாது என்றார்கள். அதையே நாஷ்வில்லுக்கு அனுப்பியபோது, இதில் ராக் வாடை அதிகம், கன்ட்ரி ரசிகருக்கு ஒவ்வாது என்று பதில் வந்தது. இரு வீட்டாரும் திருப்பி அனுப்பிய அந்தப் பாட்டுகளை ஏற்றுக்கொண்டது, பங்க் கோஷ்டிகளின் தட்டுகளை வெளியிட்டுப் பேர் வாங்கிய ரஃப் டிரேட் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி என்பதுதான் விநோதம்.

1988-இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த அந்தத் தட்டில் இருந்த பாட்டுகளைப் பிறர் பாடிப் பிரசித்தி பெற்றார்கள். சௌகரியமான படுக்கை, எழுத நல்ல பேனா, யோசிக்கக் கொஞ்சம் அமைதி, இவற்றோடு காதலும் வேண்டும் என்று ஒரு பெண் உரிமையோடு கேட்கும் ‘பேஷனட் கிஸ்ஸஸ்’ பாட்டை மேரி சேப்பின் கார்ப்பென்டர் பாடியதன் பலனாக, 1994-இல் சிறந்த கன்ட்ரி பாட்டுக்கான கிராமி பரிசு அதை இயற்றிய லூசிண்டாவுக்குக் கிடைத்தது. நாஷ்வில்லுக்கு அவருடைய சாகித்யம் இனித்தது. அவருடைய குரல்தான் இனிக்கவில்லை போலும்.

அந்தக் குரல் கரகரப்பானது. உயிரெழுத்துகளை இழுத்து இழுத்து, சொல்லின் கடைசி எழுத்தைச் சில சமயம் விழுங்கியே விடுவது. மெட்டுகளும் பெரும்பாலும் மூன்று நான்கு கார்டுகளுக்குள் அடங்கிவிடும். பின் எதனால் அந்தப் பாட்டுகள் நெஞ்சில் தைக்கின்றன? 1992-இல் வெளிவந்த ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’ தட்டிலுள்ள ‘பைனியோலா’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். குடும்ப சிநேகிதரான ஃபிராங்க் ஸ்டான்ஃபோர்ட் என்னும் இளங்கவி 1978-இல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்த துயரத்திலிருந்து பிறந்த பாட்டு அது. செய்தியைத் தந்தை சொல்லுகிறார், மகளால் நம்ப முடியவில்லை, அப்புறம் அடக்கம். இறந்தவரின் பெயரை மாற்றிய லூசிண்டா, அவரை அடக்கம் செய்த சுபியாக்கோ கல்லறைத் தோட்டத்தின் பெயரை மாற்றவில்லை. துக்கம் இன்னதென்று வர்ணிக்கும் வாசகம் ஒன்றைக்கூடத் தேடாமல், யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்று மரண விசாரணையில் சாட்சி சொல்வதுபோல அவர் அடுக்கிக்கொண்டு போகப் போக, கேட்பவர்தாம் துக்கத்தைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி நடந்து, பாட்டு தட்டில் ஏறுவதற்குள் 14 வருஷம் ஆயிற்று. நீண்ட காலம்வரை தம் பாட்டுகளைத் தந்தையிடம் காட்டித் திருத்தம் கேட்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. உணர்ச்சியை உரக்கச் சொல்லும் வரியை அடித்துவிடும் பழக்கம் அந்த வீட்டில் கற்றதுதான்.

இனி, 1992-இல் வந்த அந்தத் தட்டுக்கும் அதற்கடுத்த தட்டுக்கும் இடையே கழிந்த, பிரசித்தமான ஆறு வருஷத்துக் கதை. 1995-இல் ஆஸ்டின் நகரத்தில், பத்து வருஷத்துக்கு மேலாகத் தமக்குக் கிட்டார் வாசித்துவந்த கர்ஃப் மார்லிக்ஸைக் கொண்டு அடுத்த தட்டைப் பதிவு செய்யத் தொடங்கினார். வேலை பெரும்பாலும் முடிந்திருந்த சமயத்தில் ஸ்டீவ் ஏர்ல் என்ற பாடகரின் தட்டில் உடன் பாடப் போனவர், அங்கே ஒலிப்பதிவில் தம் குரல் விழுந்திருந்த விதத்தைக் கேட்டதும், எடுத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு நாஷ்வில்லில் ஏர்லையும் ரே கென்னடியையும் வைத்துப் புதிதாக ஆரம்பித்தார். மார்லிக்ஸ் மனம் நொந்து விலகினார். ஏர்லுடனும் சச்சரவு, அவரும் தம் கச்சேரிப் பிரயாணத்துக்குக் கிளம்ப, பாக்கியை லாஸ் ஏஞ்சல்ஸில் ராய் பிட்டன் முடித்துக்கொடுத்தார். இதற்கிடையே 1997-இல் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு சஞ்சிகை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடித் திருப்தியடையாத பைத்தியக்காரப் பிடிவாதக்காரி என்பது போன்ற ஒரு சித்திரத்தைத் தேசமெங்கும் பரப்பிவிட்டது. இதே காரியத்தை ஆண்பிள்ளை செய்தால் மேதை என்பார்கள் என்று அவர் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆயினும், நெடுநாள் கூட உழைத்த தோழரை இழந்த விஷயத்தில் நியாயம் முழுவதும் அவர் பக்கமே என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

1998 ஜூன் மாதக் கடைசியில் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்’ வெளிவந்தது. பதின்மூன்று பாட்டுகள். தலைப்புப் பாட்டில், காலை உணவின் வாசனையும் வானொலியின் ஓசையும் நிறைந்த சமையலறையிலிருந்து புறப்பட்டு, பெரியவர்களின் கோபதாபங்கள் ஏனென்று அறியாத சிறு குழந்தையொன்று காரின் பின் ஆசனத்தில் அமர்ந்து சரளைக்கல் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. முதன்முறை இதைக் கேட்ட மில்லர், பின்னால் உட்கார்ந்திருப்பது யாரென்று கண்டுகொண்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். மகளோ, அது தாம்தான் என்பதை எழுதும்போது உணரவேயில்லை. ஆஸ்டினில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடோடிப் பாடகர் பிளேஸ் ஃபோலிக்கு ஓர் இரங்கற்பாட்டு. மாண்டுபோன பழைய காதலருக்கு ‘லேக் சார்ல்ஸ்’. ஊர் ஊராகக் கடந்து, ஒவ்வோர் ஊரிலும் இனி உன்னை நினைத்து ஏங்கமாட்டேன் என்று சொல்லச் சொல்ல ஏக்கம் கனத்துக்கொண்டே போகும் ‘ஜாக்ஸன்’. பத்து வருஷத்துக்கு முன் இரு தரப்பாரும் தள்ளிய அதே கலவைதான் இது. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அந்த வருஷத்தின் முதல் ஸ்தானமும், சிறந்த சமகால ஃபோக் தட்டுக்கான கிராமியும் அதற்குக் கிடைத்தன.

பிற்பாடு தட்டுகள் 2001, 2003, 2007, 2008 என்று அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது கிராமியும் வந்தது. 2014-இல் சொந்தக் கம்பெனி தொடங்கி இருபது பாட்டுகளை இரட்டைத் தட்டாகக் கொடுத்தபோது, அடித்துத் திருத்தும் பழைய கை சற்றுத் தளர்ந்துவிட்டதோ என்று எனக்குப் பட்டது. ஆனாலும் தந்தையின் கவிதையொன்றைப் பாட்டாக்கி அதில் முதலாவதாக வைத்திருப்பதைக் கேட்டால் அந்தக் குறை மறந்துபோகிறது. அந்தத் தட்டு வெளிவந்த சில மாதங்களில், 2015 ஜனவரி முதல் தேதியன்று, ஹாங்க் வில்லியம்ஸ் மறைந்த அதே தினத்தில், மில்லரும் காலமானார்.

2020 நவம்பரில் லூசிண்டாவைப் பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் பாதிக்கப்பட்டதால் கிட்டார் வாசிக்க இயலாமல் போயிற்று; குரல் மட்டும் தப்பியது. மறு வருஷமே மேடை ஏறி, நாற்காலியில் அமர்ந்தும் நின்றும் பாடத் தொடங்கினார். 2023-இல் தம் சுயசரிதையையும் ஒரு புதுத் தட்டையும் வெளியிட்டார். பெரும்பாலும் தனியே இருந்து எழுதிவந்த அவர், அந்தத் தட்டின் பாட்டுகள் பலவற்றைக் கணவர் டாம் ஓவர்பியும் பாடகர் ஜெஸி மாலினும் பக்கத்தில் இருக்க, கூட்டாக இயற்றினார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதில் உடன் பாடியிருக்கிறார்.

(தொடரும்)