மார்கழிக் கச்சேரி: வில்லியனூர், பாகூரில் இருந்து ஒரே நாளில் சென்னை சபாக்களுக்குப் போய் வருவது எப்படி? எது இலவசம்?

மார்கழி வந்துவிட்டால் சென்னையில் காலை முதல் இரவு வரை கச்சேரிதான். இந்த இசை மரபுக்காகவே 2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னை இடம்பிடித்தது. ஆனால் சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும் வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்களில் பலருக்கு, "அதெல்லாம் டிக்கெட் வாங்கி, பட்டுப்புடவை கட்டி போறவங்களுக்கு" என்ற எண்ணம் இருக்கிறது.

உண்மை நிலவரம் வேறு. பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டியவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதும் அந்தப் பகல் நேரம்தான்.

மியூசிக் அகாடமி எப்போது உருவானது?

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் சொந்தக் கட்டடம் இல்லை. பந்தல்களிலும் பிற அரங்குகளிலும் கச்சேரிகள் நடந்தன. இப்போதைய அரங்குக்கு 1955-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-ல் அரங்கு திறக்கப்பட்டது.

டி.டி.கே. சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் இடத்தில் அகாடமி இருக்கிறது. இங்கு வழங்கப்படும் 'சங்கீத கலாநிதி' விருது கர்நாடக இசையில் மிகப் பெரிய கௌரவமாகக் கருதப்படுகிறது. ஆண்டு இசை விழா வழக்கமாக டிசம்பர் 15 வாக்கில் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். அதன்பிறகு நாட்டிய விழா.

எந்தக் கச்சேரி இலவசம்?

பொதுவாக மாலை 4 மணிக்கும் இரவு 7 மணி வாக்கிலும் நடக்கும் மூத்த கலைஞர்களின் கச்சேரிகளுக்கே டிக்கெட் தேவை. நண்பகலிலும் அதை அடுத்த பிற்பகலிலும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். இவற்றைப் பெரும்பாலும் இலவசமாகக் கேட்கலாம். காலையில் இசை பற்றி நடக்கும் விளக்க உரைகளும் அப்படித்தான்.

இளையவர்கள் என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். இன்று மாலைக் கச்சேரியில் அரங்கை நிரப்பும் பலரும் ஒரு காலத்தில் மதிய நேரத்தில் பாடி வளர்ந்தவர்கள்தான். நேரமும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், கிளம்பும் முன் சபாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிடுவது அவசியம்.

தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்க வேண்டுமா?

அப்படியானால் பாரிமுனைக்கு அருகே உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்களே நிறைந்திருந்த காலத்தில், தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழிசை இயக்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் அரங்குதான் இது.

டிசம்பரில் இசை விழாவோடு, தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் இங்கு நடக்கும். இந்த இயக்கத்துக்குக் களமாக இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பாகூரில் இருந்து கடலூர் தாண்டினால் வரும் சிதம்பரத்தில்தான் இருக்கிறது. அந்த வகையில் இந்த மன்றம் நம்ம பக்கத்துக்கு ரொம்ப அந்நியமானது இல்லை.

வழியில் என்ன பார்க்கலாம்?

எழும்பூரில் இருந்து புறநகர் ரயிலில் பாரிமுனைப் பக்கம் போனால், நடுவில் பூங்கா நிலையம் வரும். சென்ட்ரலும் ரிப்பன் மாளிகையும் அங்கிருந்து கூப்பிடு தூரம். ரிப்பன் மாளிகையை ஒட்டியிருக்கும் செங்கல் நிறக் கட்டடம்தான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1880-களில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகங்கள் போட்ட மேடை இது.

இதன் அருகே 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு தேடுபவர்களின் சொர்க்கம் அது. 1985-ல் தீப்பிடித்து அழிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலைய வளாகம் நிற்கிறது.

பழைய சந்தைக் கட்டடம் இசைக்கூடமாக மாறிய கதையும் உலகில் உண்டு. பாரிஸில் 1867-ல் மாட்டுச் சந்தையாகக் கட்டப்பட்ட லா வில்லெத் பெருங்கூடம், 1970-களில் சந்தை மூடப்பட்ட பின், 1985 முதல் கலை அரங்காக இயங்குகிறது. பிரான்சில் சொந்தபந்தம் உள்ள புதுச்சேரி குடும்பங்கள் அங்கே போகும்போது பார்க்கலாம். சென்னையில் மண்டபம் மிஞ்சியது, சந்தை மிஞ்சவில்லை.

எப்படிப் போவது, எப்படித் திரும்புவது?

* ரயில்: புதுச்சேரியில் அதிகாலை புறப்படும் எழும்பூர் ரயிலை வில்லியனூர்காரர்கள் உள்ளூர் நிலையத்திலேயே பிடிக்கலாம். காலையிலேயே சென்னை சேர்ந்துவிடலாம். நண்பகல் கச்சேரிக்கு நேரம் தாராளம். அதே தடத்தில் மாலையில் திரும்பும் ரயிலும் உண்டு. நேரத்தையும் புறப்படும் நிலையத்தையும் முன்கூட்டியே சரிபார்க்கவும்.

* பஸ்: பாகூரில் ரயில் இல்லை. புதுச்சேரி வந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் ஏறி, திருவான்மியூரில் இறங்கினால் மயிலாப்பூர் பக்கம் போவது சுலபம். மூன்று முதல் நான்கு மணி நேரப் பயணம்.

* இரவுக் கச்சேரி: 7 மணிக் கச்சேரியை முழுசா கேட்டால் புதுச்சேரி வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் கிராமத்துக்கு டவுன் பஸ் கிடைப்பது சிரமம். டூவீலரை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுட்டுப் போறது நல்லது.

அரங்கில் கவனிக்க வேண்டியவை

செல்போனை சைலண்டில் போடுங்கள். பாட்டுக்கு நடுவில் உள்ளே போகாமல், ஒரு பாட்டு முடிந்ததும் போய் உட்காருங்கள். கச்சேரி பொதுவாக வர்ணத்தில் தொடங்கி, விரிவான ராகம், கீர்த்தனை என்று வளர்ந்து, கடைசியில் துக்கடா எனப்படும் சின்னப் பாடல்களில் முடியும். நடுவில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் 'தனி ஆவர்த்தனம்' வரும்போது எழுந்து போவது பலர் செய்யும் தவறு. தாள வித்தை அத்தனையும் அங்கேதான் இருக்கும்.

ராகம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ராகங்கள் புதுசு இல்லை. பாகூர் மூலநாதர் கோயிலின் கல்லிலேயே நடனச் சிற்பங்கள் இருக்கின்றன. சபாக்கள் வருவதற்கு முன்பு கோயில்தான் அரங்கமாக இருந்தது. பகல் நேரக் கச்சேரிக்கு ஒரு லீவு நாளும் போக்குவரத்துச் செலவும் இருந்தால் போதும்.