வாயு உருளையில் பிறந்த தலைக்கவசம்

குளிர்சாதன வேலை செய்கிற எவருக்கும் அந்த உருளையைத் தெரியும். குளிரூட்டும் வாயு அதில்தான் அடைத்து வரும். ஃபிரேயோன் உருளை என்பார்கள். வாயு தீர்ந்தால் திரும்ப நிரப்புவதில்லை, பழைய இரும்போடு போகவேண்டியதுதான். அதன் தோள்பகுதி வடிவாக உருண்டிருக்கும். ஒரு மனிதத் தலை தாராளமாக உள்ளே போகும். 1970களில் அமெரிக்காவில் சிலர் அதன் அடியை அறுத்தெடுத்து, முகத்துக்கு நேரே ஒரு சாளரம் வெட்டி, குறுக்கே இரும்புக் கம்பிகளை வெல்டிங் செய்து, உள்ளே மெத்தை ஒட்டித் தலையில் போட்டுக்கொண்டார்கள். கறுப்புப் பூச்சும் அடித்துவிட்டால் தூரத்தில் நிற்பவருக்கு 13-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குதிரைவீரர், அதாவது நைட் ஒருவர், வருவதுபோல் இருக்கும். கிட்டப் போனால் எங்கள் தொழிற்சாலைக் கழிவு.

நான் கனடாவின் ஸ்காபுரோவில் காற்றுக்குழாய் மடிக்கிற தகட்டு வேலைக்காரன். எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்த ஒரு வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கிப் போவார். எதற்கென்று விசாரிக்கப் போனவன்தான், நானும் இந்தக் கவசச் சண்டைக்குள் விழுந்துவிட்டேன். இடைக்காலக் கவசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மிலான், ஆக்ஸ்பேர்க் போன்ற பழைய கவசப் பட்டறை நகரங்களில் தொடங்குவார்கள். என் கணக்கு வேறு. இன்று விளையாட்டுக்காகக் கவசம் செய்து, அணிந்து, அடிவாங்குகிற இந்தத் தொழில் இடைக்காலத்திலிருந்து கைமாறி வந்ததில்லை. அந்தச் சரடு 17-ஆம் நூற்றாண்டிலேயே அறுந்துபோயிற்று. இது ஒரு வீட்டுப் பின்வளவில் புதிதாகப் பிறந்தது. அதற்கென்று ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் அறுந்த கதை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1511 அளவில் வெளிநாட்டுக் கம்மியர்களை அழைத்து வந்து, பிறகு கிரீனிச்சில் அரச கவசப் பட்டறையாக நிலைநிறுத்தினார். தொடர்ந்து நூறாண்டுக்கு மேல் அங்கே உலை எரிந்தது. துப்பாக்கி வலுக்க வலுக்க, குண்டைத் தாங்குமளவுக்குத் தகட்டைத் தடிப்பாக்கினால் ஆள் நடக்க முடியாது என்ற இடத்துக்கு விஷயம் வந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பட்டறை மூடப்பட்டது. கை பழகியவர்கள் இறந்தார்கள். கவசங்கள் மாளிகைச் சுவர்களில் ஏறின.

1839 ஆகஸ்ட் மாதம் ஸ்கொட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு, நைட்டுகளின் குதிரைப் போட்டியை மறுபடி நடத்திக் காட்டப் புறப்பட்டார். லண்டனில் பழைய கவசம் விற்ற சாமுவேல் பிராட் என்பவர்தான் சாமான் வழங்கியவர். ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் சேறாகி, பிரபுக்கள் கவசத்தின் மேல் குடை பிடித்த காட்சியைப் பத்திரிகைகள் பல நாள் வைத்துச் சிரித்தன. கவசத்தைக் காட்சிப்பொருளாக மட்டும் அறிந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில்தான் கட்டுக்கதைகளும் முளைக்கும். கவசம் போட்டவரைக் குதிரையில் ஏற்றப் பாரந்தூக்கி வேண்டும் என்பது அவற்றில் தலையாயது. லோரன்ஸ் ஒலிவியர் 1944-இல் எடுத்த ‘ஐந்தாம் ஹென்றி’ படத்தில் அந்தக் காட்சி வந்ததும், உலகமே அதை நம்பிவிட்டது. 15-ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோகிராம். அந்தப் பாரமும் உடம்பு முழுக்கப் பங்கிட்டுக் கிடக்கும். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி, தலைக்கவசம் மட்டும் இல்லாமல், மற்றதெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் போட்டார் என்று அவர் காலத்து வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இனிப் பிறந்த கதை. 1966 மே 1. கலிபோர்னியாவில் பேர்க்லி நகரம். பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்ட டயானா பாக்ஸனின் வீட்டுப் பின்வளவில் நண்பர்கள் கூடி ஒரு நைட் போட்டி நடத்தினார்கள். முடிந்ததும் இருபதாம் நூற்றாண்டைக் கண்டித்து டெலிகிராஃப் அவெனியூவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் ஊர்வலம் போகாதவர்தான் அதிசயம். அடுத்த முறை பூங்கா ஒன்றைப் பதிவுசெய்யப் போனபோது படிவத்தில் சங்கத்தின் பெயரைக் கேட்டார்கள். அப்படி அவசரத்தில் வைத்த பெயர்தான் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம். சுருக்கமாக எஸ்.சி.ஏ. அது பின்பு கண்டம் கடந்து பரவி, நிலத்தை ‘இராச்சியங்களாக’ப் பிரித்துக்கொண்டது. ஒன்ராறியோவின் பெரும்பகுதி 1998 முதல் எல்டர்மியர் இராச்சியம். அரசர் சண்டையில் வென்றுதான் முடி சூடுவார். சில மாதங்களில் இறங்கிவிடுவார். எங்கள் ஊர் அரசியல்வாதிகள் பார்க்கவேண்டிய ஏற்பாடு.

தொடக்ககாலத்தவர்களுக்கு ஆசிரியர் இல்லை, மாதிரியும் இல்லை. கையில் அகப்பட்டதை அணிந்தார்கள். வாள்வீச்சு விளையாட்டின் வலை முகமூடி, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், பழைய தரைவிரிப்பை வெட்டித் தைத்த மார்புச்சட்டை. ஊறுகாய் வரும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாவைக் கீறிச் சூடுகாட்டி வளைத்தால் தொடைக்கும் முன்கைக்கும் காப்பு. மரவாள் உடைந்து சிம்பு தெறித்ததால் பிரம்புக்கு மாறினார்கள். சிலம்பம் சுற்றியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மூங்கில் உள்ளே வெறுமை, பிளந்தால் கத்தி. பிரம்பு உள்ளும் நார், அடிபட்டு அடிபட்டு நுனி விளக்குமாறு போல விரியுமே தவிரச் சிதறாது. தென்கிழக்காசியக் காட்டுக் கொடி, அமெரிக்காவில் ஐரோப்பிய வாளாயிற்று. இன்றைய விதிப்படி அது 32 மில்லிமீட்டர் குறுக்களவுக்குக் குறையக்கூடாது. அதன்மேல் சுற்றுவது டக்ட் டேப். அதுவும் எங்கள் தொழிலின் பெயரைச் சுமக்கும் சாமான்.

விதிகள் கவசத்தை எப்படி உருவாக்கின என்பதற்குத் தலைக்கவசமே சாட்சி. தகடு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாத உருக்கு. உள்ளே குறைந்தது அரை அங்குல மெத்தை. முகத்துக் கம்பிகளின் இடைவெளியால் ஒரு அங்குலத் தடி நுழையக்கூடாது. ஆகவே, அருங்காட்சியகத்தில் இருப்பது போன்ற ஒடுங்கிய கண்வெடிப்பு இல்லாமல், எங்கள் தலைக்கவசங்கள் பலவற்றின் முகத்தில் ஜன்னல் கம்பி இருக்கும். அதை வைத்தே இது எந்த நூற்றாண்டுச் சாமான் என்று சொல்லிவிடலாம்: இருபதாம் நூற்றாண்டு, பிற்பாதி.

அடி பட்டதா இல்லையா என்று தீர்மானிப்பவர் நடுவர் இல்லை, அடி வாங்கியவர்தான். எல்லோரும் சங்கிலிக் கவசமும் மூக்குத்தண்டு வைத்த திறந்த தலைக்கவசமும் அணிந்திருப்பதாகப் பாவனை. அந்தச் சங்கிலியைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கும் என்று பட்டால் “குட்” என்று சொல்லி விழவேண்டும். போதாதென்றால் “லைட்.” காலில் பட்டால் முழந்தாளில் நின்று மிச்சச் சண்டை. முழந்தாளுக்குக் கீழே அடிக்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு விஸ்பிதான் நினைவுக்கு வரும். 1361 ஜூலையில் டென்மார்க் அரசன் வால்டமார், ஸ்வீடனின் கொட்லாண்ட் தீவில் விஸ்பி நகரச் சுவருக்கு வெளியே உள்ளூர்க் கமக்காரரை வெட்டிச் சாய்த்தான். கோடை வெக்கை. உரிந்தெடுக்க நேரமில்லாமல் பலரைக் கவசத்தோடேயே பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். 1905-இலும் 1928 தொடக்கம் 1930 வரையும் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. வெட்டுக்காயங்களில் பெரும்பங்கு கீழ்க்காலில். கேடயம் மறைக்காத இடம் அதுதானே. இரண்டு கெண்டைக்காலையும் ஒரே வீச்சில் இழந்தவரும் உண்டு. மெய்யான போர் எந்த இடத்தைத் தேடிப் போயிற்றோ, அந்த இடத்தை எங்கள் விளையாட்டு விலக்கி வைத்திருக்கிறது. அதனால் எங்களில் பலர் கேடயத்தை உயரத்தில் பிடிக்கிறோம், கால்களை அலட்சியமாக வைக்கிறோம். விஸ்பியில் அப்படி நின்றவன் திரும்பியிருக்க மாட்டான்.

அதே குழிகள் எங்களுக்கு ஒரு சட்டையையும் தந்தன. தோலிலோ தடித்த துணியிலோ உட்பக்கமாகச் சிறு இரும்புத் தகடுகளை றிவெட் அடித்துக் கோத்த மார்புக்கவசம். பெங்க்ட் தோர்டெமன் என்ற ஸ்வீடிய ஆய்வாளர் 1939-இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொன்றின் தகட்டு அமைப்பையும் வரைபடமாகப் போட்டார். உலை இல்லாதவனும் செய்யக்கூடிய கவசம் இது: தகடுகள் கிட்டத்தட்டத் தட்டை, வளைவு ஒரு பக்கத்துக்கு மட்டும். அதனால்தான் கராஜில் வேலை செய்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் முதல் சட்டையும் அதுவே. பட்டறையில் மிஞ்சிய நாகம் பூசிய தகட்டை எடுக்கவில்லை. அது காற்றுக்குத்தான் தாங்கும், அடிக்குத் தாங்காது. மேலும் அதைச் சூடேற்றினால் துத்தநாகப் புகை கிளம்பி இரவு காய்ச்சலில் போர்த்துக்கொண்டு படுக்கவேண்டி வரும்.

முழங்கைக் கிண்ணத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. காற்றுக்குழாய்க்காரன் வாழ்நாள் முழுவதும் தகட்டை ஒரு கோட்டில் மடிக்கிறான். இயந்திரத்தில் வைத்து அமத்தினால் முடிந்தது. கிண்ணத்துக்குத் தகடு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளையவேண்டும். மரக்குற்றியின் தலையில் ஒரு குழி கடைந்து, வெட்டிய தகட்டை அதில் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்பை ஒட்டித் தொடங்கி வட்டம் வட்டமாக நடுவுக்கு வருவேன். இரண்டாம் சுற்றிலேயே ஓரம் பாவாடைக் கொசுவம்போல் நெளியும். அந்த நெளிவு மடிப்பாக விழுவதற்குள் தட்டிச் சமப்படுத்தவேண்டும். விழுந்துவிட்டால் அந்த இடம் பிறகு வெடிக்கும். அடிக்க அடிக்க உருக்கு விறைத்துப்போகும். சுத்தியல் எழும்பும் சத்தம் கூர்மையாக மாறும்போது நிறுத்தி, செந்நிறம் வரக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு மறுபடி தொடங்குவேன். நடு மெலியும், முழங்கை முனை அடிவாங்கும் இடமும் அந்த நடுதான். அதனால் முதலிலேயே ஒரு அளவு தடிப்பான தகடு எடுப்பேன். இதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. முன்பு செய்தவர்களின் வெடித்த கிண்ணங்கள் சொல்லித் தந்தன.

அணிவது வேறு பாடம். ஓகஸ்டில் பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி றொக் அருகே எஸ்.சி.ஏ.யின் பென்சிக் போர் நடக்கும். 1972-இல் கிழக்கு இராச்சியத்துக்கும் நடு இராச்சியத்துக்கும் இடையே தொடங்கிய சண்டை; தோற்றவர் பிட்ஸ்பேர்க் நகரத்தை எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது பழைய பகிடி. இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரமடிப்பார்கள். சாமான் மூட்டையோடு வெளிக்கிட்டபோது அம்மா வாசலில் நின்று கேட்டார்: “உந்தத் தகரத்தையெல்லாம் கொளுவிக்கொண்டு அடி வாங்கவோடா எல்லை தாண்டிப் போறாய்?” வேறென்ன சொல்ல, “ஓம் அம்மா” என்றேன். களத்தில் மெத்தைச் சட்டை வியர்வையில் ஊறிப் பாரமாகும். ஓரத்தில் தண்ணீரும் தோடம்பழத் துண்டும் ஊறுகாய் வெள்ளரியும் தருவார்கள், உப்பு வேண்டுமே. சீக்கிரம் களைப்பது கைகள் என்று நினைப்பீர்கள். மூச்சும் கால்களும்தான் முதலில் போகும். 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தவர்கள் கவசமணிந்தவர்களை ஓடுபட்டையில் ஏற்றி அளந்தபோது இதுவே தெரிந்தது: நடைக்கான சக்திச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காலில் கட்டிய பாரத்தை ஒவ்வொரு எட்டிலும் தூக்கவேண்டியிருக்கிறது. மார்புத் தகடு ஆழ மூச்செடுக்க விடாது. குதிரையில் ஏறுவது பிரச்சினையே இல்லை. சேற்றில் நெடுந்தூரம் நடப்பதுதான் கவசக்காரனைக் கொல்லும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2010-இல் உக்ரைனின் கொத்தின் கோட்டையில் தொடங்கிய ‘நாடுகளின் போர்’ என்ற போட்டி, பிரம்பை விட்டு மழுங்கிய உருக்கு ஆயுதத்துக்குப் போயிற்று. அதற்கு வேறு கவசம், வேறு தடிப்பு. இன்னொரு பக்கம் டேராடூனிலும் உத்தரப் பிரதேசத்திலும் செய்த ஆயத்தக் கவசங்கள் பெட்டியில் வந்து இறங்குகின்றன. இளையவர்கள் சுத்தியலைத் தொடாமலே களத்துக்கு வருகிறார்கள். பழையவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ தாத்தினி என்ற இத்தாலிய வணிகர் அவிஞ்ஞோனில் கடை வைத்து மிலான் கவசங்களை ஆயத்தமாகத்தான் விற்றார். அளவெடுத்துச் செய்த கவசம் பிரபுவுக்கு. மற்றவனுக்கு எக்காலமும் கடைச்சரக்குத்தான்.

எனக்குள்ள குறை வேறு. பிரபுவின் கவசம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பீப்பாச் சட்டையும் வாயு உருளைத் தலைக்கவசமும் செய்தவர் வயதாகி வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. “அது உண்மையான கவசம் இல்லையே” என்பார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன் விஸ்பியில் விழுந்தவர்களின் சட்டைகளிலும் பல, அன்றைக்கே பழசாகிப்போன பாணியில் இருந்தவை. அந்தப் பழசுகள்தான் இன்று எங்களுக்குப் பாடநூல். எனவே எங்கள் குழுவில் யாராவது பழையதைக் கழிக்க வந்தால் நான் கேட்பது மூன்று காரியம்: நாற்புறமும் படமெடு, தகட்டின் தடிப்பை அளந்து எழுது, எந்தச் சாமானிலிருந்து எந்த ஆண்டு செய்தாய் என்று பக்கத்தில் குறி. தோர்டெமன் எலும்புக்குள் தேடிச் செய்த வேலையை, செய்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடலாம். ஒரு பின்னேரம் போதும்.