பெட்டிக்குப் பின்னால் நின்ற ஆள்

யாழ்ப்பாணத்தில் இன்று ஓடுகிற யப்பான் கார்கள் பலவற்றில் றிவேர்ஸ் கியரைப் போட்டவுடன் முன்னால் உள்ள திரையில் பின்பக்கம் தெரிகிறது. ஒழுங்கைக்குள் பின்னெடுப்பவர் மதிலையும் மதகையும் அதில் பார்த்துக்கொள்கிறார். அதே ஒழுங்கைக்குள் கல்லும் மணலும் விறகும் ஏற்றி வருகிற உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. சுமை ஏறிய பெட்டியின் பின்பலகைக்கு அப்பால் நிற்கும் ஆளோ ஆடோ பிள்ளையோ சாரதியின் கண்ணில் படுவதே இல்லை. குறைவாக மறைக்கும் வாகனத்துக்குக் கண் கிடைத்திருக்கிறது, கூடுதலாக மறைக்கும் வாகனத்துக்குக் கிடைக்கவில்லை. பணம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி விடைதான். யாழ்ப்பாணத்துச் சுமை வாகனங்கள் எல்லாமே பின்னால் ஓர் ஆள் நிற்பார் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. அந்த ஆள் போய்விட்டார், வாகனத்தின் அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான், பின்பக்கக் கமரா முதலில் ஏற வேண்டியது பெட்டியில் என்று சொல்கிறேன்.

இந்தக் கதை மாட்டு வண்டியிலிருந்து தொடங்குகிறது. குடாநாட்டின் ஒழுங்கைகள் வண்டில் ஒன்று போகும் அகலத்துக்கு அமைந்தவை. இரு பக்கமும் கதியால் நட்டுக் கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி, முடக்குக்கு முடக்கு திரும்பும் பாதை, சில வீடுகளின் வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை. புகையிலைத் தோட்டத்துக்கு எருவும் தாழ்ப்பதற்குக் குழையும், வீட்டுக்கு நெல்லும் விறகும் இதே வழியால்தான் வந்தன. மாடு முன்னுக்கு இழுக்கப் பழகிய பிராணி. பின்னுக்குத் தள்ளினால் நாலடி போகும், பிறகு முரண்டு பிடிக்கும். ஆகவே வண்டில்காரர் முற்றத்தில் வட்டமடித்துத் திருப்பினார், இடம் போதாவிட்டால் மாட்டை அவிழ்த்துவிட்டு ஆட்கள் கூடி வண்டிலைக் கையால் தள்ளினார்கள். பின்னெடுப்பது என்பது அரிதாக, மெதுவாக, நடந்துகொண்டே செய்கிற வேலையாக இருந்தது. வண்டிலின் பின்பக்கத்தை மறைவிடம் என்று எவரும் எண்ண வேண்டி வரவில்லை, ஏனென்றால் அது நகரும்போது அங்கே ஆட்கள் நின்றார்கள். இயந்திரம் வந்தபோது வீதிகள் தாரிடப்பட்டன, ஒழுங்கைகளின் அகலம் மாறவில்லை. திரும்ப இடமில்லாத ஒழுங்கைக்குள் முன்பக்கமாகப் போன லொறி பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். றிவேர்ஸ் எடுப்பது அன்றாட வேலையானது அப்போதுதான்.

அந்த வேலையைத் தனியாகச் செய்யலாம் என்று அன்றைய சாரதிகள் எவரும் நினைக்கவில்லை. 1905 இல் வடக்குப் பாதை முழுமையாகி கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாக ஒரு கார்ட் இருந்தார். அவர் சைகை காட்டாமல் ரயில் புறப்படாது. பின்னால் ஓர் ஆள் நிற்பதை ரயில்வே சட்டமாக எழுதி வைத்தது. வீதியில் அது வழக்கமாக வளர்ந்தது. தட்டிவானை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தால் உடல் கட்டி, பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் தட்டியை விரித்து, அதன்மேல் வெங்காயச் சாக்கும் வாழைக்குலையும் கடகங்களும் ஏற்றி, அவற்றுக்கிடையே ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அது சந்தைக்குச் சந்தை ஓடியது. கொடிகாமம், சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கத்து மக்களுக்கு அது நெடுங்காலம் பழகிய வாகனம். அதில் சாரதிக்கு உதவியாக வரும் கிளீனரின் இடம் பின்தட்டி. சாரதிக்குப் பின்னால் தெரிவது சாக்கு மட்டும்தான். கிளீனர் இறங்கி நின்று, வாகனத்தின் பலகையில் உள்ளங்கையால் தட்டி, “வரலாம், வரலாம் அண்ணை… கொஞ்சம் வலப்பக்கம் ஒடியுங்கோ… நில்லுங்கோ!” என்று குரல் கொடுத்தால்தான் சில்லு உருளும். குரல் இரைச்சலில் கேளாமல் போகலாம், ஆனால் பலகையின் அதிர்வு சாரதியின் இருக்கை வரை வரும். நிற்பதற்கு ஒரு தட்டு, போவதற்கு இரண்டு. பஸ் மணிக்கும் இதே கணக்குத்தான். 1958 இல் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்த பிறகும் நிலையத்தில் பஸ்ஸைப் பின்னெடுக்க இறங்கி நின்றவர் கொண்டக்டர்தான். கிளீனராக நின்று பழகியவரே பிறகு சாரதியானார் என்பதும் முக்கியம். வாகனத்தின் பின்மூலை எங்கே முடிகிறது, பெட்டி எந்தக் கணத்தில் மடியத் தொடங்குகிறது என்பதை வெளியே நின்று பார்த்துப் படித்துவிட்டுத்தான் அவர் உள்ளே ஏறினார். அந்தக் கல்வி வேறு எங்கும் கிடைக்கவில்லை.

உலகத்தின் வேறொரு பக்கத்தில் இதே சிக்கலுக்கு வேறு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். 1956 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் பியூக் செஞ்சூரியன் என்ற கண்காட்சிக் காரைச் செய்தது. அதில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதிலாகப் பின்னால் ஒரு தொலைக்காட்சிக் கமராவையும் முன்னால் ஒரு திரையையும் வைத்தார்கள். அது விற்பனைக்கு வரவில்லை. விற்பனைக்கு வந்த கார்களில் முன்னோடி 1991 இல் யப்பானில் வெளியான ரொயோட்டா சோவரர். அந்த ஆண்டு யாழ்ப்பாணம் எப்படி இருந்தது? 1990 இல் ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் தடைப் பட்டியலில் இருந்தன. ஒஸ்ரின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபறேற்றருக்குக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி செத்த கார்களை ஆட்கள் தள்ளி இயக்கினார்கள். வாகனத்தின் மின்சாரம் சார்ந்த உறுப்புகள் ஒன்றொன்றாகச் செயலிழக்க, மனிதக் கையும் மனிதக் கண்ணும் அவற்றின் வேலையை ஏற்றுக்கொண்டன. வெளியுலகம் வாகனத்தின் பின்பக்கத்தை மின்னணுவுக்குக் கையளிக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில் யாழ்ப்பாணம் அதை முன்னெப்போதையும்விட அதிகமாக மனிதரிடம் கையளித்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது இந்தப் பெட்டிகளே வீடாயின. லாண்ட்மாஸ்டர் என்னும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் பெரிய உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் முதியவர்களையும் சட்டி பானையையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இலட்சக்கணக்கானோர் மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தார்கள். அந்த நெரிசலில் ஒரு பெட்டியைப் பின்னுக்கு எடுப்பதற்கு இடமே இருக்கவில்லை.

குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 இல் மூடியது, 2009 இல் போர் முடிந்த பின் நிரந்தரமாகத் திறந்தது. அதன்பின் வந்த வாகனங்கள் இரண்டு வகை. ஒன்று யப்பானில் முழுமையாகச் செய்யப்பட்டு வந்தவை. நாம் டொல்பின் என்று சொல்லும் ஹையேஸ் வானின் பின்கதவின் மேல்மூலையில் கீழ்நோக்கிய ஒரு சிறு கண்ணாடி இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது பம்பருக்குக் கீழே உள்ள நிலத்தைக் காட்டும். ஒடுக்கமான யப்பான் தெருக்களுக்காகச் செய்த ஏற்பாடு நம் ஒழுங்கைகளுக்கும் பொருந்திப்போனது. பிறகு கமரா வந்தபோது அதுவும் காரோடு சேர்ந்தே வந்தது. நாம் கேட்டு வாங்கியது அல்ல, செய்தவர்கள் வைத்து அனுப்பியது. இரண்டாவது வகை உழவு இயந்திரம். இந்திய அரசு வட மாகாணத்துக்குக் கொடுத்த 500 உம் கடனில் வாங்கப்பட்டவையும் வயலுக்கென்று வந்து வீதியிலும் ஓடுகின்றன. இயந்திரம்தான் வெளியிலிருந்து வந்தது, அதன் பின்னால் இழுபடும் பெட்டியை இங்குள்ள இரும்புப் பட்டறைகளே அடித்துக் கொடுக்கின்றன. பட்டறைக்காரர் பழைய பெட்டியின் அளவைப் பார்த்துப் புதிய பெட்டியைச் செய்கிறார். பழைய பெட்டி, பின்னால் ஒருவர் நிற்கும் காலத்தது. வெளிநாடு போனவர்கள், நகரத்துக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், முச்சக்கரவண்டி எடுத்து ஓடுபவர்கள் என்று கிளீனராக வந்திருக்கக்கூடிய இளைஞர்கள் கலைந்துபோக, ஒரு நாள் கூலி கொடுத்துப் பின்னால் ஆளை வைத்திருப்பது சாரதிக்குக் கட்டுப்படியாகவில்லை. தனியொருவர் ஏற்றி, ஓட்டி, பின்னெடுத்து, இறக்குகிறார்.

இதில் கெடுவது என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் கணக்கு ஒன்று போதும். பின்னெடுக்கும் வாகனங்களில் அடிபட்டு அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 210 பேர் இறந்தார்கள், 15,000 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் எழுபது வயதைத் தாண்டியவர்களும். அதாவது உயரம் குறைந்தவர்களும் விரைந்து விலக முடியாதவர்களும். 2008 இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றி, 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்கள், வான்கள், சிறு லொறிகள் எல்லாவற்றிலும் பின்கமராவைக் கட்டாயமாக்கினார்கள். யப்பான் 2022 இல் புதிய மாதிரிகளுக்கு அதையே செய்தது. ஆனால் அமெரிக்கச் சட்டம் இழுபடும் பெட்டிகளைச் சேர்க்கவில்லை. சட்டமும் தயாரிப்பாளரும் விட்டுவிட்ட அந்த இடத்தில்தான் நம் ஒழுங்கைகளின் ஆபத்து இருக்கிறது. முற்றம் வரை வந்து மணல் கொட்டுவது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். முற்றத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கடுமையான ஆட்சேபம் தொழில்நுட்பத்திலிருந்து வருகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காரில் றிவேர்ஸ் விளக்கின் வயரிலிருந்து கமராவுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள், கியர் விழுந்ததும் படம் வரும். பல உழவு இயந்திரங்களில் றிவேர்ஸ் விளக்கே இல்லை. ஆகவே சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் தனி சுவிட்ச் ஒன்று வைக்க வேண்டும். கொழுக்கியில் பெட்டி திரும்பும் ஒவ்வொரு தடவையும் வயர் முறுகி அறுபடும். அங்கே தொய்வு விட்டு, கழற்றிப் பூட்டும் பிளக் வைத்து, இறப்பர்க் குழாய்க்குள்ளால் கொண்டுபோக வேண்டும். வயரில்லாக் கமரா என்று விற்பவற்றில் பெரும்பாலானவையும் இதற்குத் தப்பாது, படம்தான் காற்றில் வருகிறது, கமராவுக்கு மின்சாரம் வயரில்தான் போக வேண்டும். கூரையில்லாத இருக்கையில் நண்பகல் வெயில் திரையை வெளிறச் செய்யும், அதற்கு மேல் மறைப்பு வேண்டும். காரின் முன்பக்கத்துக்கென்று விற்கும் கமராவைப் பின்னால் பூட்டினால் இடம் வலமாகத் தெரியும். பின்கமராவின் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி அமைக்கப்பட்டது, வாங்கும்போதே அதைக் கவனிக்க வேண்டும். லாண்ட்மாஸ்டருக்கு நான் கமராவைச் சொல்லமாட்டேன். கையால் சுற்றி இயக்கும் வண்டிகளில் பற்றரியே இருக்காது. சுமையைப் பலகைக்கு மேல் ஏற்றாமல் விட்டு, நீண்ட தண்டில் இரண்டு கண்ணாடி பூட்டினால் அதற்குப் போதும்.

கமரா வந்தால் சாரதி திரையையே நம்பிக் கழுத்தைத் திருப்ப மறந்துவிடுவார் என்பது இன்னோர் ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது, பெட்டி விடயத்தில் கூடுதலாக இருக்கிறது. பெட்டி இடப்பக்கம் போக ஸ்ரேறிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பெட்டி அளவுக்கு மிஞ்சி மடிந்தால் அதன் முன்மூலை இயந்திரத்தின் பெரிய ரயரில் போய் இடிக்கும். பின்னால் இருக்கும் கமராவுக்கு அந்த மடிப்புத் தெரியாது. பக்கக் கண்ணாடியில்தான் அதைப் பார்க்க முடியும். கிளீனர் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தார், பிள்ளையை விலகச் சொன்னார், வீட்டுக்காரரோடு கதைத்துப் படலையைத் திறப்பித்தார். கமரா அவருக்கு ஈடு என்று நான் வாதாடவில்லை. அவரை வைத்திருக்கக்கூடியவர்கள் வைத்திருக்கட்டும். ஆனால் இன்றைய ஒப்பீடு கமராவுக்கும் கிளீனருக்கும் இடையில் இல்லை, கமராவுக்கும் வெறுமைக்கும் இடையில். ஒருவரும் இல்லாத இடத்தில், தவழ்கிற பிள்ளையைத் திரையில் ஒரு கணம் காட்டினாலே அந்தக் கருவி கொடுத்த காசுக்கு வேலை செய்துவிட்டது.

இதற்கு அரசாங்கம் சட்டம் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெட்டி இங்கேயே செய்யப்படுவதால் மாற்றமும் இங்கேயே செய்யலாம். பட்டறைக்காரர் பெட்டியின் அடிச்சட்டத்தை ஒட்டும்போதே முன்னிருந்து பின்வரை அரை அங்குலக் குழாய் ஒன்றைச் சேர்த்து ஒட்டிவிட்டால் வயர் போக வழி கிடைக்கும். மணல் கொட்டத் திறக்கும் பின்பலகையில் கமராவைப் பூட்டினால் அது முதல் நாளே நசுங்கும். பலகைக்கு மேலே, நிலையான சட்டத்தில், கீழ்நோக்கி ஒரு தாங்கியும் அதன்மேல் இரும்பு மறைப்பும் வைக்க வேண்டும். கமராவை இன்று வாங்க வசதியில்லாதவருக்கும் குழாயும் தாங்கியும் இருந்தால், அடுத்த வெங்காயப் போகம் முடிந்து கையில் காசு சேரும்போது பெட்டியை வெட்டி ஒட்டாமலே பூட்டிக்கொள்ளலாம்.